கிரைண்டர் வாங்கப் போய் நுகர்வோர் கோர்ட் வரை: ஒரு மாவுக்காரியின் மதிப்புரை

ஐந்துக்கு மூன்றரை. எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நான் போடும் மதிப்பெண் இது. பிடித்துக்கொண்ட ஒன்றரையில் ஒன்று காலதாமதத்துக்கு. மீதி அரை அந்த மாடிப்படிக்கு. முழங்கால் வலிக்காரர்கள் வழக்குப் போட வரக் கூடாது என்றே இரண்டாவது மாடியில் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

ஓட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் எல்லோரும் மதிப்புரை எழுதுகிறார்களே, கோர்ட்டுக்கு ஏன் யாரும் எழுதுவதில்லை என்று என் மருமகள் ஒருநாள் கேட்டாள். பதினேழு மாதம் வாடிக்கையாக ஏறி இறங்கிய இடம் அது. எனக்கில்லாத உரிமையா?

நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். விடியற்காலை நான்கு மணிக்கு உளுந்து, அது வழிந்ததும் அரிசி. நானும் மருமகளும்தான், கூலிக்கு ஆள் கிடையாது. (இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் வழக்கே அதில்தான் நின்றது.) 2023 பொங்கல் தள்ளுபடியில் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கினேன். விலை ரூ.28,500, ஒரு வருட உத்தரவாதம். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. சித்திரை வெயில் தொடங்கிய வாரத்தில் வெள்ளை மாவுக்குள் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கல் தேய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கியது. நடு ஷாஃப்டின் அடியிலிருந்து கிரீஸ் கசிந்து மாவில் கலந்துகொண்டிருந்தது.

அன்று அரைத்த அத்தனையையும் கொட்டினேன். உளுந்து விற்கிற விலையில் கொட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

மெக்கானிக் மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் ஆயில் சீலை மாற்றினார், சர்வீஸ் சீட்டில் கையெழுத்து வாங்கினார். பத்தாம் நாள் கோடு திரும்ப வந்தது. நான்காம் தடவை கடைக்கே போனேன். "நீங்கள் அளவுக்கு மீறி அரைக்கிறீர்கள் அம்மா" என்றார் கடைக்காரர். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

அந்த வரி ஏதோ அரசாங்கச் சட்டம் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்த பேதை நான். உண்மையில் சட்டம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதுவே முறையற்ற வணிகம். பில்லில் கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். இது தெரிந்த பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் பில்லின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். தமிழில் பேச முடிந்தது, புகாருக்கு எண் கொடுத்தார்கள், கம்பெனிக்கும் அனுப்பினார்கள். நான் தவறாகப் பயன்படுத்தினேன் என்று கம்பெனி இரண்டு வரியில் பதில் அனுப்பியது. சமரசம் பேசிப் பார்ப்பதற்குத்தான் அந்த எண், உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. உத்தரவு வேண்டுமென்றால் படி ஏற வேண்டும்.

படி ஏறுவதென்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம். என் அப்பா முக்கால் ஏக்கருக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, முன்சீப் கோர்ட்டில் தொடங்கி மேல்முறையீடு முடிய பத்தொன்பது வருடம் ஆனது. கடைசித் தீர்ப்பு வந்தபோது அப்பா இல்லை. ‘கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்’ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் வழக்குப் போடப் போகிறேன் என்றதும் என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மாடத்தில் விளக்கை ஏற்றினார்.

ஆனால் இது அந்த மாதிரிக் கோர்ட் இல்லை. 1986இல் கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது. முன்பு ‘மன்றம்’ என்பார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் ‘ஆணையம்’ என்று பெயர் மாறியது. ஆட்டோக்காரரிடம் ‘நுகர்வோர் கோர்ட்’ என்றால்தான் புரியும். மேடையில் தலைவர் ஒருவர், அவர் மாவட்ட நீதிபதியாக இருந்தவராகவோ அந்தத் தகுதி உடையவராகவோ இருக்க வேண்டும். அவரோடு உறுப்பினர்கள். நாம் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை சென்னையில் மாநில ஆணையம், அதற்கு மேல் டெல்லி. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நான் வைக்கவில்லை.

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. மருத்துவச் சேவையில் குறை என்றால் இங்கே வழக்குப் போடலாம் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலின் சேவையில் குறை என்றால் போட முடியாது என்று 2024 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் என் கருத்து எதையும் எழுதவில்லை. எதிர் தரப்பு வக்கீல் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர்.

புகாரைத் தமிழில், கையால் எழுதினேன். எழுதுவதற்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். சட்டத்தில் அது கட்டாயம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்த அந்த அட்டை இரண்டும் பிறகு மிகவும் உதவின. (இப்போது பதிவுத் தபாலே ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது.) புகாரில் எதை எப்போது வாங்கினேன், என்ன கெட்டது, யாரிடம் சொன்னேன், என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதி, எல்லாம் உண்மை என்று பிரமாணப் பத்திரமும் வைத்தேன். ஆணையத்துக்கு மூன்று செட், எதிர் தரப்புக்கு ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

முதல் தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்க எண் இல்லை, ஆவணப் பட்டியலில் தேதி இல்லை, ஒரு நகலில் கையெழுத்து இல்லை. "பரவாயில்லை அம்மா, சரிசெய்து நாளைக்கே கொண்டு வாருங்கள்" என்று எழுத்தர் பென்சிலால் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்துக் கொடுத்தார். எட்டு இடம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பசுவுக்கு ஆராய்ச்சி மணிக் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் போதுமாக இருந்தது, பக்க எண் கேட்கவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தாள் கட்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார். ஆணையத்தால் முதலில் பயன் பெறுகிற நுகர்வோர் அவர்தான். வீட்டிலிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. அந்தத் தளத்துக்கு அப்போது பெயர் இ-தாக்கில், 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி. எனக்கு அந்தப் பென்சில் புள்ளிகள்தான் சரிப்பட்டன.

2023 நவம்பரில் என் வழக்குக்கு எண் விழுந்தது. வழக்கை ஏற்பதா என்று விசாரிக்கும் அன்று தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நீங்கள் மாவு விற்கிறீர்கள். அப்படியானால் இது வியாபாரத்துக்கு வாங்கிய இயந்திரம். நீங்கள் எப்படி நுகர்வோர் ஆவீர்கள்?"

எதிர் தரப்பு இன்னும் வரவே இல்லை, அவர்களுடைய கேள்வியை இவரே கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் புரிந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் புகாரிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வழக்கு நிற்காது என்று. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை, உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான், வாங்கி முழுக்க இன்னொருவர் கையில் ஓட்டக் கொடுத்தால் நுகர்வோர் இல்லை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் ஓர் இயந்திர வழக்கில் விளக்கியிருக்கிறது. "ஐயா, கல்லைத் தூக்கிக் கழுவுவதும் நான்தான், மாவு வழிப்பதும் நான்தான், கூலிக்கு ஆள் இல்லை" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் என் கையைப் பார்த்தார். உளுந்து மாவில் ஊறி ஊறி நக இடுக்கு வெளுத்த கை. "இதைப் புகாரில் எழுதவில்லையே அம்மா, எழுதிச் சேருங்கள்" என்றார். சேர்த்தேன். ஏற்றார்கள்.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிர் தரப்பு பதிலுரை போட வேண்டும், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. கம்பெனி 44ஆம் நாள் போட்டது. கடைக்காரர் 50 நாளுக்குப் பிறகு வந்து அவகாசம் கேட்டார். தலைவர் முடியாது என்று தலையை ஆட்டினார், பதிலுரை இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். பில்லை விரலால் தட்டிய அந்த முகத்தை நான் அன்றைக்கு ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அப்புறம் வாய்தா. இந்த மாதிரி வழக்கை மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்குப் பதினான்கு வாய்தா. அதில் ஐந்து நாள் அமர்வே கூடவில்லை. தலைவரும் குறைந்தது ஓர் உறுப்பினரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் விசாரணை, ஒருவர் விடுப்பு என்றாலோ இடம் காலி என்றாலோ தேதி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். டவாலி வராந்தாவுக்கு வந்து பெயர்களைக் கூப்பிடுவார், நாங்கள் எழுந்து நிற்போம், அடுத்த மாதத் தேதி சொல்வார், உட்கார்வதற்குள் முடிந்துவிடும். பத்தரைக்கு வந்து மூன்று மணி வரை நாற்காலியில்லாமல் நின்ற நாளும் உண்டு. பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது. ஒரு மதிப்பெண் இங்கேதான் போனது.

இனி, எனக்குப் பிடித்த பகுதி.

கம்பெனி பதிலுரையில் இயந்திரத்தில் குறையே இல்லை என்று எழுதியிருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று ஆணையம் ஒரு அட்வகேட் கமிஷனரை, அதாவது நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை, நியமித்தது. துணைக்குப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கும் விரிவுரையாளர். கட்டணம் ரூ.6,000, முதலில் நான் கட்ட வேண்டும். கட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள், கம்பெனியின் ஆளும் வந்தார். நான் முந்தைய நாளே யோசித்து வைத்திருந்தேன். நான் ஊறவைத்த அரிசியில் ஏதாவது கலந்துவிட்டேன் என்று நாளைக்குச் சொல்லிவிட்டால்? அதனால் அரிசியையும் உளுந்தையும் மூட்டையிலிருந்து கம்பெனிக்காரரையே அளக்கச் சொன்னேன். அவர் கையாலேயே கழுவினார், ஊறப் போட்டார். டிரம்மையும் கல்லையும் அவரே துடைத்து, வெள்ளைத் துணியில் கறை இல்லை என்று காட்டினார். அரிசி ஊற மூன்று மணி நேரம். அதுவரைக்கும் கோர்ட், கம்பெனி, மனுதாரர் மூன்று தரப்பும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். யாரும் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. மழை வருமா என்று பேசினோம்.

ஒன்றரை மணிக்கு உளுந்தைப் போட்டோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பொங்கியது. கம்பெனிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. இத்தனை நாள் கசிந்த சனியன் இன்றைக்கு நல்ல பிள்ளையாகிவிட்டதே! உளுந்தை வழித்துவிட்டு அரிசியைப் போட்டோம். அரிசி கெட்டி, ஷாஃப்டுக்குச் சுமை அதிகம். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஷாஃப்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. பிறகு அது நூலாக நீண்டது, குழவிக் கல்லோடு சுற்றிச் சுற்றி வந்தது. விரிவுரையாளர் குனிந்து விரலில் எடுத்து மோந்து பார்த்தார். கமிஷனர் படம் எடுக்க இன்னும் கொஞ்சம் குனிந்தார், மாவு தெறித்துக் கறுப்புக் கால்சட்டையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்காமல் முதலில் மணியைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு வந்த இடம் அது.

ஷாஃப்ட் துளை மையத்தில் இல்லாமல் மயிரிழை விலகி இருக்கிறது, அதனால்தான் எத்தனை சீல் மாற்றினாலும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கசிகிறது, இது தயாரிப்புக் குறை என்று அறிக்கை வந்தது.

நான் பிறந்த ஊர் திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கம். சுந்தரர் கல்யாணத்தைக் கிழவர் ஒருவர் வந்து நிறுத்தி, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டிய கதை எங்களுக்குப் பால் குடிக்கும்போதே சொல்லப்படுவது. அங்கே கோயிலில் வழக்கு நடந்த மண்டபம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். சுந்தரர் கிழித்துப் போட்டது படி ஓலை. கிழவர் மூல ஓலையைத் தனியாக வைத்திருந்தார். சபையார் பாட்டனாரின் பழைய கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று அந்தக் கதையில் கேட்கும் மூன்று சாட்சியத்தைத்தான் இவர்களும் வேறு பெயரில் கேட்கிறார்கள்.

என் மூல ஓலை காலை வாரியது. கடை கொடுத்த பில் அந்த வழவழப்புத் தாள், இரண்டு வருடத்தில் எழுத்து முழுக்க மறைந்து வெற்றுத் தாளாகிவிட்டது. நகல் மட்டும் இருந்தது. அசலைக் காட்டுங்கள் என்றார் எதிர் தரப்பு வக்கீல். வெள்ளைத் தாளை நீட்டினேன். கூடத்தில் சிரிப்பு. ஆனால் மெக்கானிக் எழுதிய மூன்று சர்வீஸ் சீட்டும் பில் கம்பியில் குத்தி வைத்திருந்தேன். மூன்றிலும் கம்பெனி ஆள் கையாலேயே பில் எண்ணும் தேதியும் எழுதியிருந்தது. தலைவர் அதை வாங்கி எண்ணைச் சரிபார்த்து, "போதும்" என்றார். வழவழப்புத் தாள் பில் வாங்கினால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

வாதம் ஏழு நிமிடம் பேசினேன். நாக்கு வறண்டது. உத்தரவாத அட்டையில் ‘வழக்கு எங்கள் தலைமையக ஊரில் மட்டுமே’ என்று இருப்பதாகக் கம்பெனி சொன்னது. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்திருக்கும் வசதியை எடுத்துச் சொன்னேன். பழைய சட்டத்தில் அது இல்லை.

2025 ஏப்ரலில் உத்தரவு. ரூ.28,500ஐ வழக்குப் போட்ட மாதத்திலிருந்து 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு ரூ.10,000, செலவுக்கு ரூ.5,000, எல்லாம் 45 நாளுக்குள். மன உளைச்சலுக்கு நான் கேட்டது ரூ.50,000. என் உளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஒப்புக்கொண்டார்கள். நகல், தபால், பஸ், கமிஷனர் எல்லாம் சேர்த்து நான் நோட்டில் எழுதி வைத்த செலவு ரூ.9,340. கொட்டிய மாவுக்குக் கணக்கு எழுதி வைக்கவில்லை, அதனால் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது என் தப்பு.

உத்தரவு கையில் வந்த அன்று பாயசம் வைத்தோம். அவசரப்பட்டுவிட்டோம். 45 நாள் போனது, பணம் வரவில்லை. அவர்கள் மேல்முறையீட்டுக்கும் போகவில்லை. போனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். "இ.பி. போடுங்கள் அம்மா" என்றார் அதே எழுத்தர். நிறைவேற்று மனு. உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ரூ.25,000க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அது சட்டத்தின் 72ஆம் பிரிவு. அந்த எண் போட்ட நோட்டீஸ் போன பத்தாம் நாள் கம்பெனி வக்கீல் அவராகவே போன் செய்தார். செப்டம்பரில் 22 மாத வட்டி ரூ.4,702 சேர்த்து மொத்தம் ரூ.48,202க்கு டிடி வந்தது.

பணத்தைக் கொடுத்ததும் கிரைண்டரை எதிர் தரப்பினர் தங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம் என்று உத்தரவின் கடைசி வரி. இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. தாழ்வாரத்தில் அப்படியே நிற்கிறது. அதன்மேல்தான் மருமகள் மாவுத் தூக்குகளைக் கவிழ்த்து வைக்கிறாள்.